அட்டை இருக்கிறது, ஆஸ்பத்திரியில் தங்க முடிகிறதா?

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு வருபவர்களுக்கு அப்ரூவல் வாங்குவது, தனியார் பாலிசிக்காரர்களுக்கு கேஷ்லெஸ் விண்ணப்பம் அனுப்புவது, இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கிற கேள்விகளுக்கு டாக்டரிடம் பதில் வாங்கி எழுதுவது என்று நாள் முழுக்க ஓடும். அட்டை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். அதை வைத்துக்கொண்டு வைத்தியம் முடிந்து வீடு திரும்புவது எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

திட்டத்தின் அருமை எனக்குத் தெரியும். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது, 2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியம் பார்க்கலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஒரு பைசா கட்டாமல் வீட்டுக்குப் போகிற கட்டடத் தொழிலாளியைப் பார்க்கும்போதெல்லாம், இது இல்லாத காலத்தில் இவர் எதை விற்றிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனாலும், முன்பு நான் வேலை பார்த்த வேறொரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கூடலூர் மலைப் பக்கத்திலிருந்து பணியர் இனத்துப் பாட்டி ஒருவர் வயிற்றில் கட்டியோடு வந்தார். கூட வந்தது பேரன் மட்டும். காகிதமெல்லாம் சரியாக இருந்தது, சாயங்காலத்துக்குள் அப்ரூவல் வந்துவிட்டது. பெண்கள் வார்டில் இரவு ஆண்கள் தங்கக் கூடாது என்று பேரனை வெளியே அனுப்பினார்கள். அவன் வாசல் படியில் படுத்துக்கொண்டான். உள்ளே நர்ஸ் அவசர அவசரமாகத் தமிழில் கேட்ட கேள்விகளுக்குப் பாட்டி வாயே திறக்கவில்லை. பணியர்களுக்குத் தனிப் பேச்சு உண்டு. 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் ஏறியது. ஆங்கிலத்தில் அச்சடித்த சம்மதப் படிவத்தில் கைநாட்டு வாங்கினார்கள். கையில் கட்டியிருந்த மந்திரித்த கயிற்றை, ஆபரேஷனுக்கு ஆகாது என்று கத்தரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள்.

விடிந்தபோது கட்டில் காலி. நான் போன் செய்தேன். "அக்கா, பாட்டிக்கு அங்க பயமா இருக்குதாம். ஊருக்கே வந்துட்டோம்" என்றான் பேரன். தன் விருப்பத்தில் வெளியேறினார் என்று பதிவு செய்து அப்ரூவலை ரத்து செய்தார்கள். காப்பீட்டுக் கணக்கில் அது செலவாகாத பணம். பாட்டி ஏன் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதைக் கேட்கும்படி யாருக்கும் விதி இல்லை.

அதே கூடலூரில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1980களின் நடுவில் ஸ்டான் தேக்கேக்கராவும் மாரியும் தொடங்கிய 'அக்கார்டு' அமைப்பின் துணையோடு, பணியர், பெட்டகுரும்பர், முள்ளுக்குரும்பர், காட்டுநாயக்கர், இருளர் சேர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் கட்டினார்கள். டாக்டர் தேவதாசனும் டாக்டர் ரூபாவும் ஊர் ஊராகப் போய்ச் சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கினார்கள். 1990 வாக்கில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்று அங்கே நர்ஸ் ஆனார்கள். படுக்கையில் இருப்பவரின் பேச்சும் ஊசி போடுபவரின் பேச்சும் ஒன்று.

காப்பீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. 1992-ல் அந்த மக்களுக்காக நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தோடு குழுக் காப்பீடு தொடங்கினார்கள். ஆளுக்குச் சிறு தொகைதான் பிரீமியம். சங்கத்துக்காரர்களே வீடு வீடாகப் போய் வாங்கினார்கள். கம்பெனி தராது என்று ஒதுக்கிய செலவுகளையும் மருத்துவமனையை நடத்தும் 'அஸ்வினி' அமைப்பு தானே ஏற்றது. பிற்பாடு அங்கே ஓர் ஆய்வு நடந்தது. காப்பீடு எடுத்திருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்ந்த விகிதம், எடுக்காதவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

எங்கள் தொழிலில் இந்தச் செய்தி கேட்டால் முகம் சுருங்கும். அட்மிஷன் கூடினால் கிளைம் கூடும், கிளைம் கூடினால் நஷ்டம் என்றுதான் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆனால் காய்ச்சலோடு குடிசையிலேயே கிடந்து செத்துப்போகிற வழக்கமுள்ள இடத்தில், படுக்கைகள் நிரம்புவதுதான் திட்டம் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஏழைகளுக்கான காப்பீட்டில் கிளைம் குறைவாக இருந்தால் அதைப் பார்த்து நான் கவலைப்படுவேன்.

கம்பெனிகளால் என்ன செய்ய முடியும்? நிறையவே முடியும், பணம் அவர்கள் கையில் இருப்பதால். ஒரு மருத்துவமனையைப் பட்டியலில் சேர்க்கும்போது எத்தனை படுக்கை, தியேட்டர் எப்படி, ஐசியூ உண்டா என்று துருவித் துருவிப் பார்க்கிறார்கள். துணைக்கு வந்தவர் இரவு எங்கே படுப்பார், மலையிலிருந்து வருபவரோடு அவர் பேச்சில் பேச ஆள் உண்டா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த இரண்டு கேள்வியையும் அந்தப் படிவத்தில் சேர்த்தால் போதும், நிர்வாகங்கள் ஒரு மாதத்தில் ஏற்பாடு செய்துவிடும். பட்டியலிலிருந்து விழுவதற்கு எந்த மருத்துவமனையும் தயாராக இருக்காது. ஆயுஷ்மான் திட்டத்தில் மருத்துவமனைதோறும் 'ஆரோக்கிய மித்ரா' என்று உதவியாளர் உண்டு. ஆதிவாசிகள் அதிகம் வரும் இடங்களில் அந்த வேலையை ஒரு ஆதிவாசிப் பெண்ணுக்குக் கொடுக்கலாம்.

பஸ் காசும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். 2008-ல் வந்த தேசிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30,000 ரூபாய்தான் கொடுத்தது. ஆனால் ஒவ்வொரு முறை மருத்துவமனையில் சேரும்போதும் போக்குவரத்துக்கு 100 ரூபாய், வருடத்துக்கு 1,000 ரூபாய் வரை என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு மலையிறங்கி வருகிறவருக்கு அந்த நூறு ரூபாயின் மதிப்பை, திட்டம் போட்ட யாரோ ஒருவர் உணர்ந்திருக்கிறார்.

தனியார் பாலிசிகளில் சிக்கல் வேறு. நீலகிரி ஆதிவாசிகளிடையே அரிவாள் செல் ரத்தசோகை பரவலாக உண்டு. பிறக்கும்போதே வரும் நோய். அரசுத் திட்டத்தில் காத்திருப்புக் காலம் கிடையாது. தனியார் பாலிசியிலோ 'முன்பே இருந்த நோய்' என்று மூன்று வருடம் வரை காக்க வைக்கலாம். 2024-க்கு முன்பு இது நான்கு வருடமாக இருந்தது. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் காப்பீட்டில் பேதம் பார்க்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் வந்ததே தெரியாமல் மனச்சோர்வுக்குக் கைக்காசு கட்டுகிறவர்களை இன்னமும் சந்திக்கிறேன்.

பாலிசி எடுப்பவர்களுக்குச் சில வார்த்தை. பாலிசியில் என்ன உண்டு, என்ன இல்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் தகவல் தாள் ஒன்று உண்டு. அதைத் தமிழில் கேளுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்தில் பதில் வர வேண்டும், டிஸ்சார்ஜ் அப்ரூவல் மூன்று மணி நேரத்தில். கிளைமை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியிடம் புகார் கொடுத்தும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

காப்பீடு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒரு கணக்கு. எந்த வட்டத்தில் எத்தனை அட்டை கொடுத்தோம், அதில் எத்தனை ஒருமுறைகூடப் பயன்படவில்லை, அப்ரூவல் வந்த பிறகும் எத்தனை பேர் பாதியில் கிளம்பிப் போனார்கள் என்பதெல்லாம் அவர்கள் கணினியில்தான் இருக்கிறது. அதை வட்டவாரியாகப் பிரித்து வருடாவருடம் வெளியிடட்டும். பாதியில் கிளம்பிய ஒவ்வொருவரையும் ஒரு வாரத்துக்குள் அவர்கள் பேச்சு தெரிந்த ஒருவர் நேரில் போய்ப் பார்க்கட்டும். அதற்கான சம்பளத்தையும் ஜீப் வாடகையையும் காப்பீட்டுப் பணத்திலிருந்தே கொடுக்கலாம். அந்தப் பாட்டிக்கு வந்த அப்ரூவலில் ஒரு சிறு பங்குகூட ஆகியிருக்காது.