டிபி மாத்திரையும் ஆவாரம்வேரும்: சிறுநீரகத்தைக் காப்பது எது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஆவாரைக்கு அறிமுகம் தேவையில்லை. குரோமியம் வரும் முன்பு இங்கே தோல் பதப்பட்டது ஆவாரம்பட்டையின் துவர்ப்பில்தான். சர்க்கரைக்காக அதன் பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் இன்றும் உண்டு. ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் மருந்துகளால் எலிகளின் சிறுநீரகத்துக்கு நேர்ந்த சேதத்தை ஆவாரம்வேரின் சாரம் குறைத்ததாக 2005-ல் 'பைட்டோமெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஜென்டாமைசின், டிபிக்குப் போட்டுவந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியின் இனம். அப்படியானால் டிபி மாத்திரையோடு ஆவாரங் கஷாயமும் குடித்தால் கிட்னி தப்புமா?

தப்பும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. எந்த மருந்து, எப்படிக் கெடுக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

அரசு இலவசமாகத் தரும் கூட்டு மாத்திரையில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எதாம்பியூட்டால் என நான்கு மருந்துகள். முதல் 2 மாதம் நான்கும், அடுத்த 4 மாதம் பைராசினமைடு நீங்கலாக மூன்றும். இவற்றால் அதிகம் அடிபடுவது கல்லீரல். சிறுநீரகம் கெடுவது அபூர்வம். சிறுநீரகத்தையும் காதையும் நேரடியாகப் பதம் பார்த்தவை ஸ்ட்ரெப்டோமைசின், கனாமைசின், அமிகாசின் ஊசிகள். அவற்றின் இடத்தை இப்போது பெரும்பாலும் மாத்திரைகளே பிடித்துவிட்டன. ஆக, எலிகளிடம் ஆவாரம்வேர் எதிர்த்து நின்ற மருந்தின் இனமே இன்று டிபி நோயாளி பலருக்குப் போடப்படுவதில்லை.

மிஞ்சுவது ரிஃபாம்பிசின். தினமும் விடாமல் சாப்பிடுபவரை இது தொந்தரவு செய்வது அரிது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும்போதுதான் வில்லங்கம். சிலருடைய உடலில் முதல் சுற்றிலேயே இந்த மருந்துக்கு எதிரான எதிர்ப்புரதங்கள் உருவாகியிருக்கும். மருந்து திரும்ப உள்ளே போனதும் அவை கிளம்பும். ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம், சிறுநீரகத்தின் நுண்குழல்கள் பழுதாகலாம். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், வாந்தி, இடுப்பு வலி. பிறகு சிறுநீரே நின்றுபோகலாம். சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகத் துறையினர் இப்படிப் பாதிக்கப்பட்ட 25 பேரைப் பற்றி 2002-ல் அமெரிக்கச் சிறுநீரக இதழில் எழுதியிருக்கிறார்கள். உடனே கவனித்தால் சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டுவிடும். இடையில் சிலருக்கு டயாலிசிஸ் வேண்டியிருக்கும்.

இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்தத் தோன்றும். சம்பளம் போகுமே என்று மருந்து வாங்கப் போகும் நாளைத் தள்ளிப்போடும் ஷூ கம்பெனித் தொழிலாளிக்கும் இதே ஆபத்துதான். விட்டுப்போனால், மறுபடி தொடங்குமுன் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இன்னொன்று: சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்கள் உண்டு. அது மருந்தின் சாயம், கெடுதல் கிடையாது. சிறுநீரின் அளவு குறைந்தாலோ, கரும்பழுப்பாகப் போனாலோ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மூலிகை எதுவும் தேறாது என்பதல்ல என் வாதம். மிளகிலுள்ள பைப்பரினை ரிஃபாம்பிசினோடு சேர்த்து, அதன் அளவை 450 மில்லிகிராமிலிருந்து 200-க்குக் குறைத்த 'ரிசோரின்' மாத்திரை 2009-ல் இந்தியாவில் அனுமதி பெற்றது. அடிப்படை ஆராய்ச்சி ஜம்முவிலுள்ள அரசு ஆய்வகத்தினுடையது. மனிதரிடம் சோதித்த பிறகுதான் அது கடைக்கு வந்தது. சிறுநீரகத்தைக் காப்பதாக மூக்கிரட்டைக்கும் நெருஞ்சிலுக்கும் எலி ஆய்வுகள் இருக்கின்றன; டிபி மருந்தோடு மனிதரிடம் சோதித்துத் தேறும் படியை அவை இன்னும் ஏறவில்லை. தவிர, மிளகுச் சத்தால் மருந்து ரத்தத்தில் ஏறும் அளவே மாறுகிறது என்றால், என்னென்ன சேர்ந்தது என்று தெரியாத பொடியை மாத்திரையோடு விழுங்குவது எப்படிச் சரியாகும்?

சில மூலிகைகள் சிறுநீரகத்தையே தின்றுவிடும். பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகம் செயலிழந்தது 1993-ல் வெளியே வந்தது. காரணம் அரிஸ்டலோகிக் அமிலம். நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அந்த அமிலம் கொண்ட செடிகளின் குடும்பம். சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கெட்டதாக, கொரோனா காலத்தில் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதை ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. டிபி மாத்திரையால் ஏற்கெனவே சுமையேறிய கல்லீரலில் அந்தச் சோதனை வேண்டாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் போட்டுப் பழகியவர்களும் டிபி சிகிச்சை தொடங்கும்போதே ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துவிடுவது நல்லது. சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் பைராசினமைடையும் எதாம்பியூட்டாலையும் வாரம் மூன்று நாளாக மருத்துவர் மாற்றுவார். ரிஃபாம்பிசின் வழக்கம்போல் தொடரும். கஷாயமோ பொடியோ ஏற்கெனவே சாப்பிடுபவர், மறைக்காமல் அந்தப் பொட்டலத்தையே கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டலாம்.