இரக்கத்திற்கும் இலக்கணம் உண்டு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த புதர்களில் முயல்குட்டி தனித்துக் கிடந்தால் உடனே தூக்கி வந்துவிடாதீர்கள். தாய்முயல் பெரும்பாலும் இரவில்தான் வந்து பாலூட்டும். தாய்ப்பறவை தவித்தது கண்டு, பிடித்த குஞ்சுகளைத் திருப்பித் தரப் பணித்தவர்களன்றோ அண்ணல் நபி (ஸல்) அவர்கள்! (அபூதாவூத்)

தாய் இறந்தது உறுதியானால் பசும்பால் புகட்டலாமா? கூடாது. வயிறு உப்பி, கழிச்சல் கண்டு குட்டி மடியவும் கூடும். குளிர்ந்த உடல் பாலைச் செரிக்காது. முதலில் கதகதப்பு ஊட்டுங்கள். பின்னர்க் கால்நடை மருத்துவர் சொல்லும் பாலை, சொல்லும் அளவில் துளித்துளியாகக் கொடுங்கள். காட்டு முயல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. ஆதலால் வனத்துறைக்கும் அறிவியுங்கள்.

தாகித்த நாய்க்கு நீரளித்தவரை மன்னித்த இறைவன், இச்சிற்றுயிரிடம் நீங்கள் காட்டும் பரிவையும் அறிவான். அறிந்து செய்யும் இரக்கமே உயிர் காக்கும்.