சர்க்கரைவள்ளிக் கிழங்கு சமைத்தல்

சர்க்கரைவள்ளிக் கிழங்கு சமைத்தல் என்பது சர்க்கரைவள்ளியை அவித்தோ ஆவியில் வேகவைத்தோ சுட்டோ உண்ணத்தக்கதாக்கும் எளிய வீட்டுச் சமையல் முறையாகும். இக்கிழங்கு தமிழகத்தின் தென்மாவட்டங்களில் சீனிக்கிழங்கு என்றும், இலங்கையில் வற்றாளை என்றும் அழைக்கப்படுகிறது. பெயரில் வள்ளி இருப்பினும், இது மரவள்ளிக்கு உறவன்று. உருளைக் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்ததும் அன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இத்தாவரம் தாளிக்கொடியின் இனத்தது.

இனிப்பு உருவாதல்

பச்சைக் கிழங்கில் சர்க்கரை ஓரளவே உள்ளது. அவித்த கிழங்கில் உணரப்படும் இனிப்பில் பெரும்பங்கு சமைக்கும்போதே உருவாகிறது. ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பநிலையைத் தாண்டும்போது கிழங்கிலுள்ள மாப்பொருள் நீரை உறிஞ்சிக் குழையத் தொடங்குகிறது. அவ்வாறு குழைந்த மாப்பொருளைக் கிழங்கிலேயே உள்ள அமைலேசு என்னும் நொதி மால்ட்டோசு என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. வெப்பநிலை 80 பாகையை நெருங்கும்போது நொதி செயலிழந்துவிடும். எனவே கிழங்கின் உட்பகுதி இவ்விரு நிலைகளுக்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அவ்வளவுக்கு இனிப்பு கூடும். நுண்ணலை அடுப்பில் சில நிமிடங்களில் வெந்த கிழங்கு சப்பென்று இருப்பதற்கும், யப்பானில் சூடான கற்களிடையே மெதுவாகச் சுடப்படும் கிழங்கு தேன்போல் இனிப்பதற்கும் இதுவே காரணம். வெல்லம் சேர்க்கும் முன் அடுப்பின் தீயைக் குறைத்துப் பார்ப்பது நல்லது.

அவித்தல்

புதிதாகச் சமைப்போருக்கு ஏற்ற முறை இது. ஒரே பருமனுள்ள கிழங்குகளை மண் போகக் கழுவி, தோலுடன் முழுதாகப் பாத்திரத்தில் இட்டு, மூழ்கும் அளவு குளிர்ந்த நீர் ஊற்றி மெல்லிய தீயில் வைக்க வேண்டும். கொதிநீரில் இட்டால் வெளிப்புறம் குழைந்தும் நடுப்பகுதி வேகாமலும் போகலாம். கத்தி முனை தடையின்றி உள்ளே சென்றால் கிழங்கு வெந்துவிட்டது. நடுத்தர அளவுள்ளவை அரை மணி நேர அளவில் வேகும். நீரை உடனே வடித்துவிட வேண்டும், இல்லையெனில் கிழங்கு நீர்கோத்துக்கொள்ளும். ஆவியில் அவித்தால் இச்சிக்கல் இல்லை. தோலை ஆறிய பின் உரிப்பதே எளிது.

சுடுதல்

அடுப்பின் தணலிலோ சூடான சாம்பலிலோ புதைத்துச் சுடும்போது நீர் வற்றிச் சுவை செறிவடைகிறது. தீச்சுவாலையில் நேரடியாக வைத்தால் தோல் கருகுமே தவிர உள்ளே வேகாது. சுட்ட கிழங்கு, நீரில் அவித்ததைக் காட்டிலும் இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்துவதால், நீரிழிவு உள்ளோர் அவித்ததையே அளவாக உண்பது பொருத்தமாகும்.

தெரிவும் சேமிப்பும்

வாங்கும்போது உறுதியான, வெட்டுக் காயமற்ற கிழங்குகளைத் தெரிவு செய்ய வேண்டும். பச்சைக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது பரவலான பிழை. குளிரால் அதன் நடுப்பகுதி இறுகி, எவ்வளவு வேகவைத்தாலும் மென்மையாகாது. காற்றோட்டமுள்ள நிழலான இடமே போதுமானது.

பூஞ்சை பிடித்த கிழங்கில் கூடுதல் கவனம் தேவை. நோயுற்ற கிழங்கு தற்காப்பாகக் கசப்பான நச்சுப் பொருட்களை உருவாக்குகிறது. இத்தகைய கிழங்கைத் தின்ற மாடுகள் நுரையீரல் பாதிப்பால் இறந்துள்ளன. வேகவைப்பதால் இந்நச்சு முற்றிலும் அழிவதில்லை. நச்சு, அழுகல் தெரியும் இடத்தைச் சுற்றியும் பரவியிருக்கக்கூடும் என்பதால், அப்பகுதியை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு மீதியைச் சமைக்காமல், கசக்கும் கிழங்கை முழுவதுமாக எறிந்துவிட வேண்டும். அதைக் கால்நடைகளுக்கும் இடலாகாது.