சிறுநீரகத்துக்குக் காவல் நிற்குமா பூனை மீசை?

மலேசியாவின் ஜொகூரில் வீட்டுத் தோட்டங்களிலும் வளரும் செடி பூனை மீசை. மலாயில் மிசாய் கூச்சிங். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளை அல்லது இளம் ஊதாப் பூவிலிருந்து மகரந்தத் தாள்கள் மீசைபோல் நீண்டிருக்கும். சிறுநீர் நன்றாகப் பிரிய இதன் இலையைக் காய்ச்சிக் குடிப்பது பழைய வழக்கம். ஆண்டிபயாட்டிக் மருந்தின் நச்சிலிருந்தும் இது சிறுநீரகத்தைக் காக்குமா?

1963இல் அறிவிக்கப்பட்ட ஜென்டாமைசின், கடும் கிருமித்தொற்றில் உயிர்காக்கும் ஆண்டிபயாட்டிக். ஆனால் இதைப் பெறுவோரில் 10 முதல் 25 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிறுநீரோடு வெளியேற வேண்டிய மருந்தில் ஒரு பகுதியைச் சிறுநீரக நுண்குழாய்ச் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அது அங்கே தேங்கி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் குலைக்கிறது. ஆக்சிஜனேற்றச் சேதம் பெருகி, செல் மடிகிறது.

பூனை மீசையில் உள்ள ரோஸ்மரினிக் அமிலம் அந்தச் சேதத்தைத் தணிக்கக்கூடும். இதை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க, 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் சிறுநீரகச் செல்களை வளர்ப்பார்கள். சில குழிகளில் மருந்து மட்டும். சிலவற்றில் மருந்தோடு இலைச்சாறும். பிறகு மஞ்சள் சாயம் ஊற்றுவார்கள். உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக மாற்றும். ஊதா அடர்ந்திருந்தால் செல்கள் பிழைத்திருக்கின்றன என்று பொருள்.

எலிகளிடமும் பூனை மீசைச் சாறு ஜென்டாமைசின் பாதிப்பைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. நம் மூலிகைகளான மூக்கிரட்டையும் சிறுபீளையும் இப்படிச் சோதிக்கப்பட்டவையே. ஆனால் எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. எந்த அளவு தரலாம்? கிருமியைக் கொல்லும் மருந்தின் வீரியத்தைச் சாறு குறைத்துவிடாதா? இவற்றுக்கு விடை வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் சாறு கிடைக்கவும் வேண்டும். ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உயிர்ப்பொருள் மேம்பாட்டுக் கழகம் போன்றவை மூலிகைச் சாறு தயாரிப்பில் ஈடுபடுவது இதனால்தான் முக்கியம்.

மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்று நினைப்பது ஆபத்து. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலியத் தந்த மருந்தில் கலந்திருந்த அரிஸ்டோலோகியா மூலிகை பலரின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்தது. பூனை மீசை இலையிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது ஆகாது.

இன்றைக்கு நம்பத்தக்க காவலில் முக்கியமானவை, எடைக்கேற்ற மருந்தளவும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையும். ஆண்டிபயாட்டிக் எடுக்கும்போது மூலிகைக் கஷாயம் குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.