வட்டில் இடத்தைப் பிடித்திருப்பது எது?

அம்பாங் பெச்சாவில் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் மடிக்கணினியில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. 128 ஜிபி வட்டு. விண்டோஸ் அதை 119 என்றுதான் காட்டும். பாட்டு, படம் எல்லாவற்றையும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். சிவப்பு மறையவில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஃபோல்டர்களைக் கூட்டிப் பார்த்தால் 60 ஜிபிகூட வரவில்லை. மீதியெல்லாம் எங்கே போயிற்று?

இதே கேள்வி 1990இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்திலும் எழுந்தது. அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் 14 பேருக்கும் பொதுவாக ஒரே வட்டு, வெறும் 80 எம்பி. அது ஓயாமல் நிறைந்துகொண்டே இருந்தது. யாருடைய கோப்பு இடத்தைப் பிடிக்கிறது என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் முழு வட்டையும் ஒரு செவ்வகமாக வரைந்து, ஒவ்வொரு கோப்புக்கும் அதன் அளவுக்கேற்ற கட்டம் கொடுத்தார். பெரிய கட்டம் எதுவோ அதுவே இடத்தை அடைப்பது. எத்தனை எளிய, எத்தனை அழகான யோசனை! 2003இல் வந்த விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் இன்றும் அந்தப் படத்தைத்தான் வரைகிறது.

தங்கச்சியின் கணினியில் அதை ஓட்டியதும் ஒரு கட்டம் மட்டும் திரையில் மூன்றில் ஒரு பங்கை அடைத்து நின்றது. 'ஆப்டேட்டா' என்ற மறைவான ஃபோல்டருக்குள், அவள் அண்ணன் எப்போதோ தன் ஐஃபோனை இணைத்து எடுத்த காப்பு நகல். அந்தக் கைப்பேசியே இப்போது அவரிடம் இல்லை. அவரிடம் கேட்டுவிட்டு அழித்தோம்.

எல்லாக் கட்டத்திலும் கை வைக்கக் கூடாது. 'பேஜ்ஃபைல்' நினைவகத்துக்குத் துணை, அதை விட்டுவிடுங்கள். 'ஹைபர்ஃபில்' கணினி ஆழ்ந்து உறங்கும்போது நினைவகத்தில் உள்ளதைப் பத்திரப்படுத்தும் கோப்பு. அந்த உறக்க வசதியை நிறுத்தினால் தானே போய்விடும். 'வின்எஸ்எக்ஸ்எஸ்' ஃபோல்டர் பூதம்போல் தெரியும். ஒரே கோப்பு பல இடங்களில் கணக்கில் வருவதால் உண்மை அளவு அதைவிடக் குறைவு. கையால் அழித்தால் விண்டோஸே படுத்துவிடும். பழைய மீட்புப் புள்ளிகளோ சாதாரணமாகத் திறந்தால் கண்ணுக்கே படாது. அதனால் மென்பொருளை நிர்வாகி உரிமையோடு ஓட்டுங்கள்.

வட்டு நிறைந்ததும் கடைக்கு ஓடி ஃபார்மட் அடிக்கச் சொல்லாதீர்கள். முதலில் படத்தைப் பாருங்கள். என்னவென்று தெரியாத கோப்பை அழிக்காதீர்கள்.