மூன்று கையெழுத்தும் ஒரு மோரிஸ் மைனரும்

“பத்து மணிக்கு லாரி வந்துடும்” என்று அப்பா சொன்னபோது, பழைய கூரைத் தகரம் எதையோ விற்கிறார் என்றுதான் நினைத்தேன். சுங்கை சிப்புட்டில் தாத்தா வாழ்ந்த வீட்டின் பின்புறம் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, விலைக்குப் போகவிருந்தது தாத்தாவின் கார் என்று.

கிழிந்த கன்வாஸ் துணிக்குக் கீழே 1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000. தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தா, 1966இல் இரண்டாவது கையாக வாங்கியது. 1998இல் அவர் இறந்த நாளிலிருந்து நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நான்கு டயர்களும் மண்ணில் அழுந்திக் கிடந்தன. பின்சக்கரத்தை ஒட்டி ஒரு பப்பாளி மரமே வளர்ந்திருந்தது.

லாரியில் வந்த பழைய இரும்புக் கடைக்காரர் காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “கிரான் இருக்கா?”

அப்பா உள்ளே போய் மஞ்சள் பூத்த பதிவு அட்டையைக் கொண்டுவந்தார். அதில் இன்னமும் தாத்தாவின் பெயர். கடைக்காரர் தலையை ஆட்டினார். “செத்தவங்க பேருல இருந்தா நான் எடுக்க மாட்டேன் சார். பேரு மாத்திட்டுக் கூப்பிடுங்க.” லாரி காலியாகத் திரும்பிப் போனது.

“நான் எடுத்துக்கிறேன்ப்பா” என்றேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்கு டயர் மாத்தத் தெரியுமா? அதுவும் சும்மா எடுக்க முடியாது. சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போடணும்.”

அங்குதான் சிக்கல். அப்பாவும் சித்தப்பாவும் பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

முட்டை மாதிரி ஒரு கார்

நான் ஊடகத்துறை படித்தவள். வாரத்தில் ஐந்து நாள் காலையில் மைக் முன்னால் பேசுவது என் வேலை. காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாவி போட்டால் ஓடும் என்பதுதான். எனவே முதலில் படிக்க ஆரம்பித்தேன்.

மோரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பிறகு 1959இல் வெளிவந்த மினி காரும் அவர் கைவண்ணம்தான். மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அதன் உருண்டை வடிவத்தைப் பார்த்த நிறுவனத் தலைவர் நஃபீல்ட் பிரபு, வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தாராம். வெளியீட்டுக்கு முன் இஸிகோனிஸுக்கே கார் ஒடுக்கமாகத் தெரிந்திருக்கிறது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குல இடைவெளியில் மனம் நிறைந்தது. மைனரின் முன்மூடியில் நடுவே ஓடும் தட்டையான பட்டை, அந்த 4 அங்குலத்தின் அடையாளம்தான்.

முகம் சுளித்தவர் சுளிக்க, பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெயரை மைனர் எடுத்தது. நம் நாட்டிலும் ஆசிரியர்கள், கிராணிமார்கள், மருத்துவமனை உதவியாளர்கள் என்று மாதச் சம்பளக்காரர்களின் கார் அது. எங்கள் வீட்டு மைனருக்கு 948 சிசி எஞ்சின். வளைவில் திரும்பும்போது மின்னும் விளக்கு இல்லை. கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து சிறிய கை ஒன்று வெளியே நீண்டு வழிகாட்டும். தாத்தா அதைக் ‘கைகாட்டி’ என்றுதான் சொல்வார்.

நான் செய்த முதல் தப்பு

ஆர்வக் கோளாறு என்னை விடவில்லை. மெக்கானிக் யாரையும் பார்ப்பதற்கு முன்பே ஒரு பேட்டரி வாங்கிக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். விளக்காவது எரிகிறதா என்று பார்க்க ஆசை. இன்றைய கார்களில் இருப்பதுபோல, காரின் உடம்போடு சேரும் கம்பியை மைனஸ் முனையில் மாட்டினேன்.

அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இது தலைகீழ் என்பது எனக்குத் தெரியாது. அவற்றில் பிளஸ் முனைதான் காரின் உடம்போடு சேர வேண்டும். நான் மாட்டிய சில நொடிகளில் டேஷ்போர்டுக்குக் கீழிருந்து ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். கருகிய வாடை. பதறிப்போய்க் கம்பியைப் பிடுங்கினேன்.

எரிந்தது தாத்தாவின் கார் ரேடியோ. 1998இல் கடைசியாக அணைக்க மறந்த சுவிட்ச், அப்படியே போட்டபடி இருந்திருக்கிறது.

வானொலியில் வேலை பார்ப்பவள், கைக்குக் கிடைத்த ஒரே பழைய வானொலியை எரித்துவிட்டேன். அது பிழைத்திருந்தாலும் என் நிகழ்ச்சியைக் கேட்டிருக்க முடியாது என்பது உண்மைதான். அது மத்திய அலைக்கான ரேடியோ. நான் பேசுவதோ பண்பலையில். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

“மினுக்குறது அப்புறம் பாப்பா”

பிறகுதான் அந்த மாமாவைத் தேடிப் பிடித்தேன். ரப்பர்த் தோட்டத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் ஓரமாகத் தகரக் கொட்டகையில் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். காரை ஏற்றி அங்கே கொண்டுபோனோம். என் கையில் இருந்த பெயிண்ட் வண்ண அட்டையைப் பார்த்துச் சிரித்தார். “மினுக்குறது அப்புறம் பாப்பா. முதல்ல நிக்கணும், அப்புறம் ஓடணும், அப்புறம்தான் மினுக்கணும்.”

அவர் ‘நிக்கணும்’ என்றது பிரேக்கை. மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஓட்டுநரின் காலுக்குக் கீழே, சட்டத்துக்குள் இருக்கிறது. தரையில் இறங்கும் ஈரமெல்லாம் அதைத்தான் தாக்கும். எங்கள் காரில் அது இறுகிக் கல்லாகியிருந்தது. ரப்பர்ப் பாகங்கள் எல்லாம் மாவாக உதிர்ந்தன.

அடுத்தது எஞ்சின். பல வருடம் நின்ற எஞ்சினை சாவி போட்டு முடுக்கவே கூடாது என்றார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியே டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றினார். அப்படியே விட்டுவிட்டார். ஒவ்வொரு நாளும் காலையில் முன்பக்கம் கைப்பிடியைப் போட்டு, அழுத்தாமல் ஆட்டிப் பார்ப்பார். ஒன்பதாம் நாள் அது அரைச் சுற்று நகர்ந்தது. அன்று எனக்குத் தொலைபேசியில் சொன்ன குரலில் ஒரு பிரசவச் செய்தியின் மகிழ்ச்சி இருந்தது.

துருவைப் பார்க்க அவருக்குக் கண் தேவைப்படவில்லை. ஒரு ஸ்குரூடிரைவரின் பிடியால் காரைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு ‘டங்’ என்றது. துருவை மறைத்து யாரோ புட்டி பூசிய இடம் ‘தொப்’ என்றது. ஒலியை நம்பிப் பிழைக்கும் எனக்கு அந்த வித்தை உடனே பிடித்துப்போனது. கதவுக்குக் கீழே ஓடும் சட்டம் இரண்டு பக்கமும் ‘தொப்’.

மைனருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. உடம்பே எலும்புக்கூடு. கதவடிச் சட்டத்தை யோசிக்காமல் அறுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு சாகும்வரை மூடாது. அதனால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து முட்டுக் கொடுத்த பிறகே அறுத்தார்.

இன்னொரு விஷயத்தையும் காட்டினார். முன்சக்கரத்தைத் தாங்கும் மரையுள்ள ஒரு மூட்டு. அதற்குத் தவறாமல் கிரீஸ் போட வேண்டும். விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். எங்கள் காரில் அந்த மூட்டு புதுசுபோல் இருந்தது. “உங்க தாத்தா கிரீஸ் கன்னும் கையுமா இருந்திருக்கார்” என்றார். தாத்தாவைப் பற்றி அதுவரை யாரும் எனக்குச் சொல்லாத செய்தி அது.

பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. இன்று விற்பது ஈயமில்லாத பெட்ரோல் என்பதால், வால்வுகள் உட்காரும் இடத்தில் கடினமான வளையங்கள் பொருத்த வேண்டியிருந்தது. உதிரிப் பாகங்களுக்கு நான் பயந்த அளவு அலையவில்லை. மைனருக்கு இங்கிலாந்தில் இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. 1990களில் இலங்கையில்கூட இந்தக் காரின் உடற்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

துருவைவிடக் கெட்டியானது காகிதம்

வேலை பாதி நடந்தபோது மாமா கையை நிறுத்தினார். “பேரு மாறட்டும். அடுத்தவர் காருக்கு நான் பெயிண்ட் அடிக்க மாட்டேன்.”

பழைய கார்களைத் துருதான் கொல்கிறது என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்கு வேறு கருத்து. துருவுக்கு வெல்டிங் இருக்கிறது. உரிமையாளர் இறந்து, வாரிசுகள் யாரும் முடிவெடுக்காத காருக்கு மருந்தே இல்லை. எல்லாருக்கும் சொந்தமான கார், யாரும் தொடாத காராகி, மழையில் நின்றே செத்துப்போகிறது.

பெயர் மாற்றும் விண்ணப்பத்துக்கு அப்பா, சித்தப்பா, அத்தை மூவரின் சம்மதமும் தேவைப்பட்டது. கிள்ளானில் இருக்கும் அத்தை அன்றே கையெழுத்துப் போட்டார். சித்தப்பா ஜோகூரில் இருக்கிறார். தபாலில் அனுப்புகிறேன் என்றேன். “வேணாம், காரைப் பார்த்துட்டுப் போடுறேன்” என்றார்.

தாத்தாவின் கடைசி நாட்களில் யார் பார்த்துக்கொண்டது என்பதில் ஆரம்பித்த மனக்கசப்பு, பிறகு வீட்டு விஷயத்தில் முற்றி, பேச்சே நின்றுபோன கதை அது. நம்மில் பல குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சித்தப்பா பட்டறைக்கு வந்தார். அப்பா கொட்டகை வாசலிலேயே நின்றார். சித்தப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார். “ரேடியோ எங்கே?”

என் தொண்டை வறண்டது. நடந்ததைச் சொன்னேன்.

“1976இல என் முதல் சம்பளத்துல வாங்கி மாட்டினது” என்றார்.

மைக் முன்னால் ஒருநாளும் வார்த்தைக்குத் தடுமாறாதவள், அன்று தடுமாறினேன். மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. சித்தப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “போனா போகட்டும்மா. அது வாங்கின நாள்ல இருந்தே கரகரன்னுதான் இருந்துச்சு. அப்பாதான் நல்லா கேக்குது, நல்லா கேக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாரு.”

வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “அவருக்குத்தான் அப்பவே காது மந்தமாச்சே.”

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். சித்தப்பா சிரித்தார். கையெழுத்துப் போட்டார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. மதியம் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். அது போதும்.

இது என்ன சத்தம்?

மைனரில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் முடுக்குவதற்கு முன்பே ஒரு சத்தம் கேட்கும். பெட்ரோல் பம்பின் ‘டிக் டிக் டிக்’. கார்புரேட்டர் நிறைய நிறைய அது மெதுவாகி, நின்றுவிடும். நின்றதும் முடுக்கலாம். முதன்முதலாக அது துடித்தபோது கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன்.

மறுநாள் காலை நிகழ்ச்சியில் அதை ஒலிக்கவிட்டு, “இது என்ன சத்தம்?” என்று கேட்டேன். கடிகாரம் என்றார்கள். தட்டச்சு இயந்திரம் என்றார்கள். ஒருவர் பல்லி என்றார். கடைசியாக அழைத்த வயதான அம்மா ஒருவர், “மைனர் கார் பெட்ரோல் பம்புதானேம்மா? எங்க வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புற சத்தம் அது” என்றார். அடுத்த பாட்டைப் போட எனக்குச் சில நொடிகள் பிடித்தன.

உங்கள் வீட்டுப் பின்புறத்தில்?

உங்கள் வீட்டிலும் கன்வாஸுக்குக் கீழே ஒன்று நிற்கிறதா? நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் கிரானைத் தேடுங்கள். எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் அதில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எண் பொறித்த தகட்டை அறுக்கவோ, எஞ்சினைச் சொல்லாமல் மாற்றவோ விடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கு என்னென்ன தேவை என்பதை, செலவு செய்வதற்கு முன்பே ஜேபிஜேயில் விசாரித்துவிடுங்கள்.

பேட்டரியைக் கொடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். எந்த முனை உடம்போடு சேர்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பெட்ரோலை முழுதாக வடித்துவிடுங்கள். பெயிண்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, வேலை தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே ஆரம்பியுங்கள். எங்கள் மாமாவுக்கு 74 வயது. அவரிடம் வேலை கற்க இப்போது யாரும் வருவதில்லை.

கைகாட்டி

சாலை வரி வில்லை வந்த ஞாயிற்றுக்கிழமை, கோலகங்சார் வரை போய்வரக் கிளம்பினோம். சித்தப்பா ஓட்டினார், அப்பா பக்கத்தில், நான் பின்னால். ரேடியோ இருந்த இடத்தில் செவ்வக ஓட்டை. வேறொன்றை வாங்கி மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதல் சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். சித்தப்பா விசையைத் தள்ளினார். கைகாட்டி வெளியே வரவில்லை. பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தது. நான் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டப் போனேன்.

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னாலுள்ள தூணில் முஷ்டியால் ஒரே ஒரு குத்துவிட்டார். தாத்தா அப்படித்தான் செய்வாராம்.

கைகாட்டி ‘டக்’கென்று வெளியே நீண்டு, மஞ்சளாக எரிந்தது.