"மாடிக்கு வாங்க... கோபுரம் பாருங்க!"
மதுரையில் பயணிகளை மடக்கும் "கைடு" ஆசாமிகள்

மதுரை—

பகல் மணி பன்னிரண்டரை. மீனாட்சி அம்மன் கோவில் நடை சாத்தியாச்சு. இனி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள்.

இந்த மூன்றரை மணி நேரம்தான் சித்திரை வீதி "கைடு"களுக்கு வேட்டை நேரம்!

மூட்டை முடிச்சுடன் திகைத்து நிற்கிறார் வெளியூர்ப் பயணி. சிரித்த முகத்துடன் ஒரு ஆசாமி நெருங்குகிறார்.

"எங்க மாடியில ஏறினா எல்லா கோபுரமும் தெரியும் சார். காசு வேணாம், வாங்க!"

மாடியில் கோபுரம் தெரிவது நிஜம். காசு கேட்பதில்லை, அதுவும் நிஜம். ஆனால் இறங்கும் வழி? நேரே கடைக்குள்ளே! பித்தளைச் சிலை, சால்வை, கம்பளம்... ஒன்றும் வாங்காமல் வெளியே வருவது லேசில்லை. கூட்டி வந்தவருக்குக் கமிஷன். அதுவும் பயணியின் தலையில்தான்!

செருப்பு எங்கே?

இன்னொரு கூத்து. கோவிலுக்கு நாலு திசையிலும் வாசல். ஒரு வாசலில் செருப்பையும் செல்போனையும் கொடுத்துவிட்டு, வேறு வாசலில் வெளியே வந்து விழிப்பவர்கள் ஏராளம். (2018 பிப்ரவரியில் கோவிலில் நடந்த தீ விபத்தை அடுத்து செல்போனுக்குத் தடை வந்தது.) உச்சி வெயிலில் வெறுங்காலோடு வீதியைச் சுற்றுகிறவர், "கைடு" கூப்பிட்டால் நிழலுக்காகவே போய்விடுவார்!

எந்த கோபுர வாசல் என்று நுழையும்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கைடு தேவையென்றால் சர்க்கார் அடையாள அட்டையைக் கேளுங்கள். இழுத்தால், நகர்ந்துவிடுங்கள்.

நேரம் வீணாகாது

நடை சாத்தியிருந்தால் என்ன? நடக்கும் தூரத்தில் திருமலை நாயக்கர் மகால். 1636-ல் கட்டியது. இன்று நிற்பது பழைய அரண்மனையில் ஒரு பகுதிதான். அந்தத் தூண்களைப் பார்த்தாலே கழுத்து வலிக்கும்! மேல மாசி வீதிக்குப் போனால், 1921 செப்டம்பரில் காந்தி தங்கிய வீடு. அவர் மேல்சட்டையைத் துறந்து அரைத்துணிக்கு மாறியது இந்த ஊரில்தான்.

இரவில் மீண்டும் கோவில். மேளதாளத்துடன் பல்லக்கில் சொக்கர் அம்மன் சன்னதிக்குப் போகும் காட்சி, ஆயுசுக்கும் மறக்காது. இதற்குக் கமிஷன் ஆசாமி எதற்கு?

ஏமாந்து ஊர் திரும்புகிறவர் "கைடு" பேரைச் சொல்ல மாட்டார். "மதுரையில ஏமாத்திட்டாங்க" என்றுதான் சொல்வார். கடைக்காரர்கள் யோசிக்க வேண்டாமா?